இழுத்தால் நகரும் கோடு

அத்தியாயம் பதினொன்று

ஏழு பேர்ச் காணி எவ்வளவு பெரியது என்று யாராவது கேட்டால், புஷ்பவதி இப்போதெல்லாம் வாயால் சொல்வதில்லை. நடந்தே காட்டிவிடுவாள். நீளத்துக்கு இருபத்திரண்டு எட்டு, அகலத்துக்குப் பதினெட்டு எட்டு.

போன வியாழக்கிழமை தேயிலைத் தோட்டத்தில் சீட்டுக் குலுக்கினார்கள் அல்லவா? ஏழாம் வரிசையின் இடப்பக்கத் துண்டு அவள் புருஷன் பழனிமுத்துவுக்கு விழுந்தது. அன்றிலிருந்து அவள் அங்கே நான்கு தடவை நடந்துவிட்டாள். முதல் தடவை குரைத்த நாய் நான்காவது தடவை தலையைக்கூடத் தூக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக லயத்து வரிசை வீட்டில் ஒரே அறைக் காம்பராவில் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று வளர்த்தவள் அவள். சொந்தமாக ஒரு வாசற்படி என்பது அவளுக்குச் சின்ன விஷயமே இல்லை. மூன்று வருஷமாக இரத்தினபுரிக்கும் நிவித்திகலைக்கும் அலைந்து, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கிய காணி அது.

வலப்பக்கத் துண்டு யாருக்கு விழுந்தது தெரியுமா? அடுத்த காம்பரா தங்கம்மாவுக்கு! லயத்தில் இருவருக்கும் நடுவில் ஒரே சுவர். தங்கம்மா இந்தப் பக்கம் இருமினால் புஷ்பவதி அந்தப் பக்கம் கொத்தமல்லித் தண்ணி வைப்பாள். இனிச் சுவருக்குப் பதில் வேலி, அவ்வளவுதான் வித்தியாசம் என்று இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு ஆயுள் செவ்வாய்க்கிழமை காலை வரைதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை புஷ்பவதிக்கு நிவித்திகல ஆஸ்பத்திரியில் கிளினிக். பிரஷர் குளிசை வாங்கிக்கொண்டு வரும் வழியில், மகள் ஷாமிளாவுக்குச் சோற்றுப் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அவள் வேலை செய்யும் இடத்துக்கு ஏறினாள். ஆணி, பெயின்ட் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வீடமைப்பு உதவி அலுவலகம். தோட்டத்துக் காணித் திட்டத்தை நடத்துவதே அவர்கள்தான். ஷாமிளா கொம்பியூட்டர் படித்த பிள்ளை என்று அங்கே எடுத்திருந்தார்கள். வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஷாமிளா தலையைத் திருப்பாமல், "வாங்கம்மா, இப்படி ஒக்காருங்க. ஒரு நிமிஷம்" என்றாள்.

புஷ்பவதி உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். கட்டம் கட்டமாக ஒரு படம். இதே மாதிரிக் கட்டங்களைத்தான் நில அளவையாளர் தோட்டத்தில் பெரிய காகிதத்தை விரித்துக் காட்டினார். ஒரு வரிசைக்கு இரண்டு கட்டம், நடுவில் ஒரு கோடு.

"இது நம்ம காணியா பாப்பா?"

"ஆமாம்மா. இந்தா பாருங்க, ஏழாம் வரிச. எடப்பக்கம் நாம. வலப்பக்கம் தங்கம்மாத்த."

இது வெறும் பெயர்ப் பட்டியல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஷாமிளாவைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு வாரமாக அவள் கண்ணுக்கு அந்தக் கோடுகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"என்னா பாப்பா, மொகமே வாடிப்போச்சு?"

"அத ஏம்மா கேக்குறீங்க. கொழும்புல இருக்கவங்க அங்கேருந்தே இத இன்டர்நெட்டுல பாக்குறாங்க. எழுத்தெல்லாம் பாதில வெட்டுப்படுதாம். கோட்டப் புடிச்சு இழுத்தா அகலமாகணும், அப்படிச் செஞ்சு குடுங்கன்னு கேட்டுட்டாங்க. ஒரு வாரமா மண்ட காயுது."

புஷ்பவதிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருந்தாலும் மகள் சொல்கிறாளே என்று தலையாட்டினாள்.

கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஷாமிளா கொட்டித் தீர்த்தாள். "கோட்டு மேல மவுஸ அழுத்துனதும், எந்த எடத்துல அழுத்துனோம்னு அது ஞாபகம் வச்சுக்கணும். இழுக்க இழுக்க, எவ்வளவு தூரம் நகந்தோமுன்னு பாத்து, அந்தளவு இந்தப் பக்கத்துல கூட்டி அந்தப் பக்கத்துல கொறைக்கணும். கைய விட்டதும் நின்னுறணும். நேத்து வரைக்கும் நிக்கவே இல்லம்மா! கைய விட்டாலும் கோடு பின்னாலயே ஓடி வந்துச்சு."

"கோடா?"

"ஆமா. தலைப்புக் கட்டத்துக்குள்ள வச்சு விட்டாத்தான் அதுக்குத் தெரிஞ்சுச்சு. கை கொஞ்சம் வெளிய போயிட்டா, விட்டது அதுக்குத் தெரியல. இன்னைக்குக் காலையிலதான் புடிச்சேன். முழுப் பக்கத்தையும் கவனிக்கச் சொல்லிட்டேன். இப்பப் பாருங்க."

ஷாமிளா மவுஸை நடுக்கோட்டின் மேல் கொண்டுபோனாள். அம்புக்குறி இரண்டு பக்கமும் கூர்மையாக மாறியது. அழுத்தினாள். வலப்பக்கமாக இழுத்தாள்.

கோடு நகர்ந்தது.

இடப்பக்கக் கட்டம் அகன்றது. முதலில் 'பழனிமுத்து, பு...' என்று நின்ற எழுத்து, 'பழனிமுத்து, புஷ்பவதி' என்று முழுதாக விரிந்தது. தன் பெயர் திரையில் வந்ததைப் பார்த்து புஷ்பவதிக்கு வாயெல்லாம் பல். காணி இருவர் பெயரிலும் எழுதப்படும் என்று சொன்னது உண்மைதான் போலிருக்கிறது.

பிறகுதான் வலப்பக்கத்தைப் பார்த்தாள். 'தங்கம்மா பெரியசாமி' என்று இருந்தது 'தங்கம்...' ஆகி, 'தங்...' ஆகி, கடைசியில் 'த...' என்று ஓர் ஓரமாக ஒடுங்கி நின்றது.

"ஏய்! அவங்க பக்கம் சின்னதாப் போச்சே!"

ஷாமிளா பெருமையாகச் சொன்னாள். "ஆமாம்மா. நம்ம பக்கம் கூடுனா அவங்க பக்கம் கொறையும். அப்படித்தான் செஞ்சிருக்கேன்."

புஷ்பவதி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "இது கொழும்புக்குத் தெரியுமா?"

"அவங்கதானே கேட்டாங்க!"

"ஹஸன் சேருக்கு?"

அதே நேரம் பார்த்துத்தான் அலுவலகப் பொறுப்பாளர் ஹஸன் கையில் தேநீர்க் கோப்பையோடு வந்தார். குனிந்து திரையைப் பார்த்தார். "ஆ, நகருதே! அல்லாவே, நல்லா இரிக்கி. பகலைக்கு ரத்தினபுரியிலேந்து புது விவரம் வரும். அதையும் இதுல போட்டு, பின்னேரம் கொழும்புக்குச் சொல்லிருவோம்" என்றார்.

தொலைபேசி அடித்தது. ஷாமிளா எழுந்து ஓடினாள். புஷ்பவதி சோற்றுப் பார்சலை மேசையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று கொண்டக்டர் எல்லாரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். புஷ்பவதி கம்பியைப் பிடித்தபடி கணக்குப் போட்டாள். பதினெட்டு எட்டு அகலம் பாதியாவது கூடியிருக்கும். அப்படியென்றால் இருபத்தேழு எட்டு. இருபத்தேழு எட்டில் வீட்டுக்குப் பக்கத்தில் நாலு வாழை வைக்கலாம், ஒரு ஆட்டுக்கொட்டில்கூடப் போடலாம்.

இப்படிச் சொல்ல அவளுக்கே வெட்கம்தான், ஆனாலும் ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே ஒரு நொடி. அடுத்த நொடி தங்கம்மாவின் முகம் நினைவுக்கு வந்து, தன்னையே ஓங்கி அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. புருஷன் செத்து ஒண்டியாய் மலையில் கொழுந்து பறித்துப் பிழைக்கிற மனுஷி. அவள் காணியைப் போய் யாராவது இழுப்பார்களா? அதுவும் நம் பிள்ளையா?

வீட்டுக்குப் போகாமல் நேரே காணிக்குத்தான் போனாள். நில அளவையாளர் அடித்த மரக்குற்றிகள் அடித்த இடத்திலேயே நின்றன. அகலத்தை நடந்து பார்த்தாள். பதினெட்டு எட்டுத்தான். மறுபடியும் நடந்தாள். பதினெட்டேதான்.

குழப்பம் இன்னும் கூடிப்போனது. கோடு நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தாளே! குற்றி ஏன் நகரவில்லை? அவளாகவே ஒரு விடையும் கண்டுபிடித்தாள். கொழும்புக்கு இன்னும் சொல்லவில்லை அல்லவா? பின்னேரம்தானே சொல்வார்கள்? சொன்ன பிறகு ஆள் வந்து குற்றியைப் பிடுங்கி நடுவான்.

அப்படியானால் பின்னேரத்துக்குள் ஏதாவது செய்ய வேண்டும். பழனிமுத்துவிடம் கேட்கலாம் என்றால், அவர் தோட்டத்து லொறி டிரைவர், வண்டியோடு போனால் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். இந்த முறையும் வியாழக்கிழமைதான் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பகல் சாப்பாட்டுக்குத் தங்கம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. புஷ்பவதி போய் முன்னால் நின்றாள்.

"அக்கா, ஒங்க காணியில எம் மக கை வச்சிட்டா."

"என்னாது?"

"எங் கண்ணால பாத்தேன்க்கா. கொம்பியூட்டருல கோட்டப் புடிச்சு இழுத்துட்டா. எங்க பக்கம் பெரிசாயிருச்சு. ஒங்க பேரு ஒரு எழுத்துதான் மிச்சம்."

தங்கம்மா சிரித்தாள். புஷ்பவதி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் சிரிப்பும் நின்றது.

"ஷாமிளாவா? நான் தூக்கி வளத்த புள்ளயா?"

"அவளா செய்யலக்கா. சேரு சொல்லித்தான் செஞ்சாளாம். கொழும்புக்கும் தெரியுமாம்."

"அப்ப எல்லாருஞ் சேந்துதான்!" தங்கம்மா கத்தினாள். "கேக்குறதுக்கு ஆம்பள இல்லாத வீடுன்னுதானே புஷ்பம் செய்யிறாங்க? நீயும் பாத்துக்கிட்டுத்தானே வந்த?"

"பாத்துக்கிட்டு இருக்க முடியாமத்தானேக்கா ஒங்ககிட்ட வந்து நிக்கிறேன்!"

தங்கம்மா சோற்றைத் தொடவில்லை. கொழுந்துக் கூடையை வாசல் இஸ்தோப்பில் கவிழ்த்து வைத்தாள். பகல் வேலைக்குப் போகாவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும் என்பது அவளுக்குத் தெரியும், இருந்தும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டு மணி பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

அலுவலகத்துக்குள் தங்கம்மா நுழைந்த வேகத்தைப் பார்த்து ஹஸன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"சேர், எங் காணிய எனக்குத் திருப்பித் தாங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"ஒங்கட காணிய யாரு எடுத்த?"

"இந்தா, இந்தப் புள்ள. காலையில எடுத்திருக்கா."

ஷாமிளா பேயறைந்த மாதிரி நின்றாள். தாயைப் பார்த்தாள், தங்கம்மாவைப் பார்த்தாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஹஸனின் முகம் மாறிவிட்டது. பட்டியலில் அலுவலகத்துப் பிள்ளை தன் குடும்பத்துக்காகக் கை வைத்தாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால், இருபத்து நான்கு குடும்பத்துக் காணியும் அந்தரத்தில் நிற்கும். "ஷாமிளா, எதையாவது மாத்தினீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"இல்ல சேர். சத்தியமா இல்ல. நான் கோட்ட மட்டுந்தான் இழுத்தேன்."

"கேட்டீங்களா? அவ வாயாலேயே சொல்றா!" என்றாள் தங்கம்மா.

ஹஸன் ஷாமிளாவைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "அம்மா, அது காணிட படமில்ல. பேர் எழுதின தாள். வெளங்குதா? தாள்" என்றார்.

விளங்கவில்லை. தாளில் கோடு எப்படி நகரும் என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

கடைசியில் ஷாமிளாவுக்குத்தான் புத்தி வந்தது. தங்கம்மாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, மவுஸின் மேல் அந்தக் கையை வைத்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் முதலில் அதை அழுத்தவே பயந்தன.

"நீங்களே இழுங்கத்த. இந்தப் பக்கமா."

தங்கம்மா இழுத்தாள். இப்போது 'தங்கம்மா பெரியசாமி' முழுதாக வந்தது. புஷ்பவதியின் பெயர் 'பு...' என்று சுருங்கியது. அதைப் பார்த்ததும் தங்கம்மாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. "ஐயய்யோ, வேணாம், வேணாம்" என்று கோட்டைத் திரும்பவும் நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? பேரு எங்கயும் போகல. எடம் பத்தாம மறைஞ்சுதான் இருந்துச்சு. யாரு எப்படி இழுத்தாலும் உள்ள எழுதினது மாறாது. இந்தப் பக்கத்த மூடிட்டுத் திரும்பத் தெறந்தா, கோடெல்லாம் பழைய எடத்துக்கே வந்துரும்."

மூடிக் காட்டினாள். திறந்து காட்டினாள். கோடு பழைய இடத்தில் நின்றது. தங்கம்மா ஒரு பெருமூச்சு விட்டு, "இதுக்காடி என் அரப்பேர விட்டுட்டு ஓடி வந்தேன்?" என்று புஷ்பவதியின் தோளில் ஓர் அடி வைத்தாள். வலிக்கிற அடிதான், ஆனால் உறவு திரும்பி வந்துவிட்ட அடி. ஹஸனும் சிரித்துவிட்டார். புஷ்பவதிக்கு வெட்கத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நானும் ஒரு தடவ இழுக்கவா பாப்பா?"

"இழுங்கம்மா."

நடுக்கோட்டைத் தொட அவளுக்கு மனசு வரவில்லை. யாருக்கும் நோகாத கோடாகப் பார்த்தாள். வலது ஓரத்தில் ஒரு வெற்றுக் கட்டத்துக்கு அடுத்து, காலையில் அவள் காணாத 'குறிப்பு' என்று ஒரு கட்டம் ஒடுக்கமாக நின்றது. ஏழாம் வரிசையில் அதற்குள் 'இடப்பக்கம்: வே...' என்று மட்டும் தெரிந்தது. மற்ற வரிசைகளில் அந்தக் கட்டம் காலி.

அந்தக் குறிப்புக் கட்டத்தின் கோட்டில் மவுஸை அழுத்தி இடப்பக்கமாக இழுத்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் அவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். வேறிடத்தில். இன்னும் இழுத்தாள். வேறிடத்தில் சொந்த வீடு. இன்னும் இழுத்தாள்.

'இடப்பக்கம்: வேறிடத்தில் சொந்த வீடு உண்டு, எம்பிலிப்பிட்டிய. கணவர் விண்ணப்பத்தை வாபஸ் பெற்றுக் கையெழுத்திட்டார்.'

புஷ்பவதி மவுஸிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"பாப்பா, நான் எதையோ தப்பா இழுத்துட்டேன்."

"இழுத்தா எதுவும் மாறாதும்மா, இப்பத்தானே..." என்று குனிந்த ஷாமிளா, வாசித்ததும் ஹஸனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஹஸன் எழுந்து வந்து பார்த்தார். "இது பகல் ரத்தினபுரியிலேந்து வந்த பட்டியல். வந்ததை அப்படியே போட்டோம். நான் இன்னும் வாசிக்கல்ல" என்றார். அலமாரியைத் திறந்து, அதனோடு வந்த தாள்களைப் புரட்டி, ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அடியில் இருந்த கையெழுத்தைப் புஷ்பவதி யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டாள். பழனிமுத்து 'ப'வைச் சாய்த்துத்தான் போடுவார்.

"எப்ப வச்ச கையெழுத்து சேர்?"

"போன வெள்ளிக்கிழம."

சீட்டு விழுந்தது வியாழக்கிழமை. அன்று அவள் வீட்டில் பாயசம் வைத்தாள். இரண்டு தடவை வாங்கிக் குடித்தவர் அந்த மனுஷன்.

"மாசக் கடைசியில கூட்டம் இரிக்கி. அதுக்குப் பொறகு பேரை எடுத்துருவாங்க. நான் என்ன செய்யிற அம்மா, அவரே வச்ச கையெழுத்து" என்றார் ஹஸன்.

இருபத்திரண்டு வருஷம் ஒரே காம்பராவில் இருந்தவர்களுக்கு எம்பிலிப்பிட்டியவில் எந்த வீடு? யார் கட்டிய வீடு? அதற்குள் யார் இருக்கிறார்கள்? புஷ்பவதியின் மண்டைக்குள் ஒன்றுமே ஒட்டவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, அத மூடிட்டுத் திரும்பத் தெற."

"அம்மா..."

"தெற புள்ள. பழையபடி வந்துரும்னு நீதானே சொன்ன?"

ஷாமிளாவின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. இருந்தும் தாய் கேட்டதைச் செய்தாள். பக்கம் மூடித் திறந்தது. குறிப்புக் கட்டம் பழையபடி ஒடுங்கி நின்றது. 'இடப்பக்கம்: வே...' அவ்வளவுதான் தெரிந்தது.

இப்போது யாரும் மவுஸைத் தொடவில்லை.

தங்கம்மாதான் கேட்டாள். மத்தியானம் கத்திய குரல் இல்லை அது. "எம்பிலிப்பிட்டியில யாரு புஷ்பம் இருக்கா?"

"தெரியலக்கா" என்றாள் புஷ்பவதி. மேசையிலிருந்த தாளை எடுத்தாள். ஹஸன் தடுக்கவில்லை. அதில் விலாசம் ஒன்று எழுதியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மகளிடம் நீட்டினாள்.

"இத ஒரு துண்டுல எழுதிக் குடு பாப்பா. நாளைக்குக் காலையில எம்பிலிப்பிட்டிக்கு மொத பஸ் எத்தன மணிக்குன்னும் கேட்டுச் சொல்லு."